வாரிசுப் பங்கில் கணிதம் கற்பித்த குவாரிஸ்மீ

கணக்கு என்றாலே நம் பிள்ளைகளில் பலருக்குக் கசப்பு. கணக்குக்கும் தீனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. இவ்விரு சாராரும் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ (ரஹ்) அவர்களின் சரித்திரத்தை அறிவது நலம்.

ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸம் நாட்டின் பெயரைத் தாங்கிய அவர்கள், ஏறத்தாழ கி.பி. 780இல் பிறந்தார்கள். அப்பாஸிய கலீபா மஃமூன் கி.பி. 813 முதல் 833 வரை ஆண்ட காலத்தில், பக்தாதின் 'பைத்துல் ஹிக்மா'வில் ஆய்வு செய்தார்கள். வான சாஸ்திர அட்டவணைகள் தயாரித்தார்கள். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையையும் ஒரு நூலில் விளக்கினார்கள். இன்று உலகெங்கும் வழங்கும் 'அல்காரிதம்' என்ற சொல் அவர்களின் பெயரிலிருந்தே பிறந்தது.

கலீபாவின் ஊக்கத்தால் அவர்கள் எழுதிய சிறு கித்தாபே 'அல்ஜப்ர் வல்முகாபலா'. குறைபடும் அளவை இருபுறமும் சேர்த்து நிறைவாக்குவது ஜப்ர். இருபுறமும் உள்ள ஒரே இனத்தைக் கழித்துச் சமன் செய்வது முகாபலா. வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கை எளிதாகக் கற்பிப்பதே அவர்களின் நோக்கம். அதில் குறியீடுகள் இல்லை; யாவும் சொற்களிலேயே உள்ளன. பெரும் பகுதி வஸிய்யத் கணக்குகளே.

அவற்றில் ஒன்றைக் காண்போம். ஒரு பெண் வஃபாத்தாகிறாள். கணவன், ஒரு மகன், மூன்று மகள்கள் வாரிசுகள். சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் சேர்த்து, வாரிசல்லாத ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறாள். மொத்தத்தை 1120 பங்காக்கினால் வஸிய்யத்துக்கு 300 போக, மீதி 820. இதில் பிள்ளைகள் இருப்பதால் கணவனுக்குக் கால் பாகம், அதாவது 205. எஞ்சிய 615இல் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற சட்டப்படி மகனுக்கு 246, ஒவ்வொரு மகளுக்கும் 123. ஒரு பங்கும் கூடவில்லை, குறையவில்லை.

சகோதரர்களே! அந்த 123 வெறும் எண்ணன்று. சூரத்துந் நிஸாவில் அல்லாஹ் விதித்த ஹக்கு. கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம் என்று சொல்லி, மகளின் பங்கை மறந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? கணக்கு அறியாதவர் ஏமாறுகிறார். அறிந்தும் மறைப்பவர் பாவியாகிறார்.

ஆகவே ஜகாத் கணக்குப் பார்க்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்துவோம். நாற்பதில் ஒரு பாகம் எவ்வளவு என்று அவர்களையே சொல்லச் செய்வோம். குவாரிஸ்மீயின் மேற்கண்ட கணக்கை ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கட்டும். கணக்கும் பழகும், அமானிதமும் பழகும்.

ஏறத்தாழ கி.பி. 850இல் அவர்கள் மறைந்தார்கள். அவர்கள் கற்பித்த கல்வியால் பயன்பெற்று, உரியவருக்கு உரியதை ஒப்படைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.