கமறன் அம்மையார் பிடித்த மணப்படம்

வீரமுனையிலும் அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலும் மணவீட்டின் மகிழ்ச்சியை ஊரறியச் செய்வது பெண்டிர் இடும் குரவை. படப்பெட்டிக்குக் குரவை கேளாது. மணமக்கள் அசையாதிருக்கும் சிறுபொழுதையே அது கொள்ளும். அதனைப் பெறுதற்கும் முன்னாளில் எத்துணைப் பாடுபட வேண்டியிருந்தது என்பதை யூலியா மாகிரற் கமறன் அம்மையாரின் வாழ்க்கையிற் காணலாம்.

இலங்கை வரலாறு கற்கும் மாணவர் 1833ஆம் ஆண்டின் கோல்புறூக்–கமறன் சீர்திருத்தத்தை அறிவர். அக்கமறனாரின் மனைவியே இவர். 1815இல் கல்கத்தாவிற் பிறந்து, தம்மினும் இருபது ஆண்டு மூத்த அவரை 1838இல் அந்நகரிலேயே மணந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, வைற்றுத் தீவின் பிறெஷ்வாட்டர் என்னும் கடற்கரையூரில் வாழ்ந்தார். 1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் படப்பெட்டியொன்றைப் பரிசளித்தபோது அம்மையாருக்கு அகவை 48. கோழிக்கூடு படக்கூடமாயிற்று, நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அஃது உலருமுன் படம்பிடித்து, உடனே கழுவியெடுத்தல் வேண்டும். எதிரே இருப்பவர் சில நிமிடம் சிலைபோல் இருத்தல் வேண்டும். தெனிசன் புலவரும் டார்வினும் இவர்முன் அவ்வாறு இருந்தவர்களே.

அவ்வில்லத்தில் மேரி றயன் என்றொரு பெண் இருந்தாள். அயர்லாந்துத் தாயொருத்தி இலண்டனுக்கு அண்மையில் இரந்து நிற்கக் கண்ட அம்மையார், அவள் மகளை ஏற்றுக் கல்வி கொடுத்து வளர்த்தார். மேரி வீட்டுப்பணியும் செய்தாள்; படங்களிற் கதைமாந்தராகவும் தோன்றினாள். 1865இல் இலண்டனில் நிகழ்ந்த படக்காட்சியில் அவள் உருவைக் கண்டு உளம் பறிகொடுத்த இளைஞர் ஹென்றி காட்டன். 1845இல் நமது கும்பகோணத்திற் பிறந்தவர் அவர்! 1867இல் பிறெஷ்வாட்டரில் திருமணம் நடந்தது. பணிப்பெண் உத்தியோகத்தரின் மனைவியானாள். அவ்வாண்டிலேயே அவ்விருவரையும் செகசிற்பியரின் ரோமியோ, யூலியற்றாக நிறுத்தி அம்மையார் படம்பிடித்தார். துயரில் முடியும் காதலரை மணமக்களுக்கு வேடமாகத் தந்தது ஏனோ! வாழ்க்கை அவ்வாறு முடியவில்லை என்பது நமக்கு ஆறுதல். காட்டன் அசாமின் தலைமை ஆணையராகித் தேயிலைத் தொழிலாளரின் கூலிக்காகத் தோட்டத்துரைமாரோடு மோதினார். 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவருமானார்.

1875இல் கமறன் இணையர், தம் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு வந்து சேர்ந்தனர். களுத்துறையிலும் அம்மையார் படப்பெட்டியை விட்டிலர். நாட்டு மக்களையும் உழைப்பாளிகளையும் படம்பிடித்தார். எஞ்சியுள்ளவை சிலவே. முகங்களின் பொலிவு குன்றவில்லை. ஆயினும் பெரும்பாலானவற்றிற் பெயரில்லை. இரந்தவளின் மகளுக்குத் தன்பெயரோடு காவியப் பெயர்களும் ஈந்த கை, இங்குள்ளார்க்கு ஒரு பெயரையும் எழுதாது விட்டது. இதனை அம்மையாரின் குறையென்றே கொள்வேன். எம் இல்லத்துப் பழைய மணப்படமொன்றின் பின்புறத்தில், பந்தலிட்டவர் உட்பட அனைவரின் பெயரையும் என் பாட்டனார் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அதனைப் பார்க்குந்தோறும் களுத்துறை முகங்கள் என் நினைவில் எழும்.

அம்மையார் 1879ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் மலையகத்தில் மறைந்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரை அடக்கினர். மறு ஆண்டு கணவரும் அங்கேயே அடக்கமானார்.