மாமைட்டும் கர்ப்பிணித் தாய்மாரும்: லூசி வில்ஸின் வாழ்க்கை

கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற போலிக் அமிலக் குளிசை, கடையில் விற்கிற மாமைட் போத்தல். இந்த இரண்டையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர். 2019 மே 10ஆம் திகதி, அவரது 131ஆவது பிறந்தநாளில், கூகுள் தன் முகப்பில் அவரது படத்தைப் போட்ட பிறகுதான் பலர் அவரைத் தேடி வாசித்தார்கள். நானும் அப்போதுதான் வாசித்தேன்.

1888இல் பேர்மிங்ஹாமுக்கு அருகே வசதியான குடும்பமொன்றில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் படித்து 1911இல் பரீட்சை எழுதினார். பெண் என்பதால் பட்டம் கொடுக்கவில்லை. அதே ஆண்டு தந்தையும், 1913இல் அக்காவும் இறந்துபோனார்கள். அந்த 1913இலேயே தாயோடு இலங்கைக்கு வந்து, இங்கிருந்த உறவினர்களைப் பார்த்துப் போயிருக்கிறார். முதலாம் உலகப் போர் தொடங்கியபோது தென்னாபிரிக்காவில் இருந்தார். ஊர் திரும்பி, 1915இல் லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 32 வயதில் வைத்தியரானார். நோயாளரைப் பார்ப்பதைவிட ஆய்வுகூடம்தான் அவருக்குப் பிடித்தது.

1928இல் பம்பாயிலிருந்து அழைப்பு வந்தது. பிரசவத்தில் தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று மார்கரெட் பால்ஃபர் என்ற வைத்தியர் அங்கே விசாரித்துக்கொண்டிருந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் பல பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தச்சோகைக்கு உள்ளாகி இறந்தார்கள். இது இரும்புச்சத்துக் குறைவால் வரும் வழமையான இரத்தச்சோகை அல்ல. செங்குருதிக் கலங்கள் சிறுத்துப் போகாமல், பிரிந்து பெருக முடியாமல் ஊதிப் பெருத்திருந்தன.

வில்ஸ் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். வசதியான வீடுகள், ஏழை வீடுகள், வெவ்வேறு சமூகங்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். யாருடைய சாப்பாடு மிக மோசமாக இருந்ததோ அவர்களையே நோயும் கூடுதலாகப் பிடித்திருந்தது. ஏழை முஸ்லிம் பெண்களின் நிலைதான் எல்லோரையும்விட மோசம்.

வன்னியில் தாய்மாரோடு பேசும்போது, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்பதுண்டு. முதலில் பிள்ளைகள் சாப்பிட்டதைச் சொல்வார்கள். திரும்பக் கேட்டால்தான் தங்களுடையதைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் சோறும் மிஞ்சிய குழம்புமாக இருக்கும். முகாம் காலத்து நிவாரணமும் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்றுதான் வந்தது. வயிறு நிரம்புவது வேறு, உடம்புக்கு வேண்டியது கிடைப்பது வேறு. வில்ஸின் கேள்வியும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

1929இல் சில மாதங்கள் அவர் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். உணவு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ரொபர்ட் மக்காரிசன் அங்கேதான் இருந்தார். 1931இல் மதராஸின் கோஷா வைத்தியசாலையிலும் வேலை செய்தார். பம்பாய்ப் பெண்களின் சாப்பாட்டைப் போன்றதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தச்சோகை வந்தது. ஆனால் எலிகளில் இருந்த பேன் பரப்பிய தொற்றும் அதில் கலந்திருந்தது தெரியவர, அந்தச் சோதனையை நம்ப முடியவில்லை. பிறகு குரங்குகளுக்கு அதே சாப்பாட்டைக் கொடுத்தார். அவற்றுக்கும் இரத்தம் குறைந்தது. மாமைட் கொடுத்ததும் தேறின.

மாமைட் என்பது பியர் வடித்த பிறகு மிஞ்சும் மதுவத்திலிருந்து, அதாவது ஈஸ்டிலிருந்து, செய்யும் மலிவான பொருள். ஈரல் சாறு விலை கூடியது. ஏழைப் பெண்களுக்குக் கட்டுப்படியாகாது. பம்பாய்க் கர்ப்பிணிகளுக்கு மாமைட் கொடுத்தபோது சில நாட்களிலேயே இரத்தம் ஊறத் தொடங்கியது. 1931இல் இதை பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்.

நம் நாட்டிலும் இந்தப் போத்தல் ஒரு வேலை செய்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில், பசியாலும் காய்ச்சலாலும் நலிந்த கிராமத்தவர்களுக்கு சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மாமைட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

லண்டன் திரும்பிய வில்ஸ் இன்னொன்றையும் கண்டார். சுத்திகரித்த ஈரல் சாறு இந்த நோயைக் குணப்படுத்தவில்லை. சுத்திகரிக்காத சாறு குணப்படுத்தியது. சுத்திகரிக்கும்போது எதுவோ போய்விடுகிறது. அதுவரை பெயரில்லாத அந்தப் பொருளை 'வில்ஸ் காரணி' என்று அழைத்தார்கள். 1941இல் அமெரிக்காவில் பசளிக்கீரை போன்ற இலைகளிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கான லத்தீன் சொல்லால் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். வில்ஸ் தேடியது அதுதான். முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, உழுந்து, கடலை, ஈரல், முட்டை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. கீரையை நெடுநேரம் அவித்துத் தண்ணீரை ஊற்றினால் பெரும்பகுதி அதோடு போய்விடும். எங்கள் வேலியில் நிற்கும் முருங்கையைப் பஞ்சத்துச் சாப்பாடு என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் வைத்தியசாலையின் நோயியல் பிரிவில் இருந்தார். 1944 ஜூலையில் ஜேர்மன் பறக்கும் குண்டு நேரடியாக விழுந்ததில் பலர் இறந்தார்கள், கருவிகள் நொறுங்கின. சில நாட்கள்தான் வேலை தடைப்பட்டது. 1947இல் ஓய்வு பெற்றும் அவர் ஓயவில்லை. ஜமைக்கா, பீஜி, தென்னாபிரிக்கா என்று போய் தாய்மாரின் சாப்பாட்டையும் இரத்தத்தையும் ஆராய்ந்தார். செல்சியில் தொழிற்கட்சி சார்பில் உள்ளூராட்சி உறுப்பினராகவும் இருந்தார். திருமணம் செய்யவில்லை. காரைவிட சைக்கிளில் போவதையே விரும்பினார்.

1964 ஏப்ரல் 16ஆம் திகதி இறந்தார். 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு பெரிய பரிசோதனையின் முடிவை வெளியிட்டது. முன்பு முள்ளந்தண்டுக் குறைபாட்டோடு பிள்ளை பெற்ற தாய்மார் கர்ப்பம் தரிக்க முன்னரே போலிக் அமிலம் எடுத்தபோது, அடுத்த பிள்ளைக்கு அதே குறைபாடு வருவது பத்தில் ஏழு பங்கு குறைந்தது. கரு உருவாகி நான்கு கிழமைக்குள் முள்ளந்தண்டுக் குழாய் மூடிவிடும், பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. பிள்ளைக்கு ஆயத்தமாகும்போதே குளிசையைத் தொடங்குமாறு கிளினிக்கில் சொல்வது அதனால்தான்.