பூனையைத் தேடியவர்களும் ஒரு பழைய மின்நிலையமும்

நான் வாடகைக்குத் தங்கியிருப்பது சுவா சூ காங்கில். வீட்டுக்காரப் பாட்டி பேசுவது ஹொக்கியன். ஜொகூரில் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசியப் பள்ளி என்று படித்து வந்த எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. அவருக்குச் சந்தை மலாய் கொஞ்சம் வரும். நான் கற்றதோ பாடநூல் மலாய். ஆகவே கைச்சாடைதான் கைகொடுக்கிறது.

எங்களைப் போன்ற இருவரை 1988இலேயே மேடையேற்றியவர் குவோ பாவ் குன். படித்த பிள்ளைகள் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் பேச, ஹொக்கியன் மட்டும் அறிந்த தாய் வீட்டில் தனித்துப் போகிறார். தொலைந்த பூனையைத் தேடி அலையும்போது, தம் பூனையைத் தேடும் ஒரு தமிழ்ப் பெரியவரைக் காண்கிறார். அவர் தமிழிலும் இவர் ஹொக்கியனிலும் பேசுகிறார்கள். சைகையும் சேர, புரிந்துவிடுகிறது! பெற்ற பிள்ளைகளிடம் நடக்காத உரையாடல் அது.

குவோ 1939இல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் பிறந்தவர். 1949இல் சிங்கப்பூர் வந்தார். சிட்னியில் நாடகம் பயின்று திரும்பி, 1965இல் மனைவி கோ லே குவானுடன் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இருவரும் கைதாயினர். அவர் வெளியே வந்தது 1980இல்தான். இடையில், 1977இல், குடியுரிமையும் பறிபோயிற்று.

வெளியே வந்தவர் கசப்பை எழுதவில்லை, நகைச்சுவையை எழுதினார். 1984இல் அவர் எழுதிய நாடகத்தில் தாத்தாவின் சவப்பெட்டி, அரசு அளந்து கொடுத்த குழிக்குள் இறங்க மறுக்கிறது. இங்கே இன்னும் புதைப்பதற்கு இடம் தரும் ஒரே இடுகாடு எங்கள் சுவா சூ காங்கில்தான் இருக்கிறது. 1998 முதல் அங்கும் பதினைந்து ஆண்டுகளுக்குத்தான் இடம். அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் அந்தத் தாத்தாவின் நினைவு வரும்.

ஆனால் எனக்கு அவருடைய நாடகங்களைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் திறந்துவைத்த ஒரு கதவு. ஆர்மீனியன் சாலையில் கைவிடப்பட்டுக் கிடந்த துணைமின்நிலையத்தைக் கலைஞர்களுக்கான இடமாக்கலாம் என்று அவர் கண்டார். 1990 செப்டம்பரில் 'சப்ஸ்டேஷன்' திறந்தது. சிறு நாடக அரங்கு, ஓவியக் கூடம், தோட்டம். எந்த மொழிக்காரரும் வரலாம். புதிதாக ஒன்றை முயன்று தோற்கவும் செய்யலாம். அவருக்குக் கலாசாரப் பதக்கமும் கிடைத்தது. குடியுரிமை திரும்பியதோ 1992இல்! பதக்கம் முந்திக்கொண்டது.

1995இல் பொறுப்பை தி. சசிதரனிடம் ஒப்படைத்தார். 2000இல் இருவரும் சேர்ந்து நடிப்புப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். பீக்கிங் இசைநாடகம், ஜப்பானிய நோ ஆகியவற்றைப் போலவே இந்திய மரபும் அதில் பாடமானது. 2002 செப்டம்பர் 10ஆம் நாள் குவோ காலமானார். சப்ஸ்டேஷனும் 2021இல் அந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறியது. நான் இங்கே படிக்க வந்தது அதற்குப் பிறகுதான்.

நண்பர்களே, நம் அடுத்த நாடகத்துக்குப் பாட்டிக்கும் ஒரு நுழைவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன். எப்படிச் சொல்லி அழைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.