கோவூர் கற்பித்த பாடம்

யாழ்ப்பாணத்தையும் தீவகத்தையும் இணைக்கும் பண்ணைப் பாலத்துக்கு அண்மையில் அமைந்திருக்கிறது யாழ். மத்திய கல்லூரி. 1928ஆம் ஆண்டில் அக்கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்து சேர்ந்தவர் கலாநிதி ஆபிரகாம் தோமஸ் கோவூர். மூடநம்பிக்கைக்கு எதிராக இலங்கையிலும் இந்தியாவிலும் ஓங்கி ஒலித்த குரல் அவருடையது.

கேரளத்தின் திருவல்லாவில் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி, மார்த்தோமா திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாவில் கல்வி கற்ற காலத்தில், ஊர் திரும்பும்போது கங்கைத் தீர்த்தம் கொண்டு வருமாறு அயலவர்கள் அவரிடம் கேட்டனர். வழியில் ரயில் நிலையமொன்றில் எடுத்த நீரையே அவர் கொடுத்தார். அதனால் பிணி தீர்ந்ததாகப் பலரும் மகிழ்ந்தனர். நம்பிக்கையின் வலிமையையும் அது ஏமாற்றப்படும் எளிமையையும் அன்றே அவர் கண்டுகொண்டார்.

மத்திய கல்லூரியில் வேதாகம பாடத்தைக் கற்பிக்கும் பொறுப்பும் ஒருமுறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாணவர்கள் சிறப்பாகச் சித்தியெய்தினர். எனினும் மறு ஆண்டு அப்பாடம் அவருக்குத் தரப்படவில்லை. மாணவர்கள் பரீட்சையில் தேறினாலும் விசுவாசத்தை இழந்துவிட்டனர் என்பதே அதிபரின் கவலை என்று சொல்லப்படுகிறது.

1959இல் ஓய்வு பெற்ற பின்னர், இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகப் பணியாற்றினார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத ஆற்றலைக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபா வழங்குவதாக 1963இல் அறிவித்தார். அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் வெல்லவில்லை.

ஆயினும் சவால் விடுத்தவர் என்பதைவிட, துயருற்றோரைப் பரிவோடு அணுகியவர் என்பதே அவருடைய பெருமை. பேய் பிடித்ததாகவும் செய்வினை வைக்கப்பட்டதாகவும் சொல்லப்பட்டவர்களை அவர் எள்ளி நகையாடவில்லை. அவர்களுடன் பொறுமையாக உரையாடி, துன்பத்தின் வேரை உள்ளத்திலும் குடும்பத்திலும் தேடினார். பேய் என்று பெயர் சூட்டப்பட்டது, பெரும்பாலும் வெளியே சொல்ல முடியாத ஒரு வேதனையாகவே இருந்தது.

இந்தப் பாடம் தீவகத்துக்கு மிகவும் வேண்டியது. நெடுந்தீவில் கடும் நோயுற்ற ஒருவர் மேலதிக சிகிச்சை பெற, படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டும். பாம்பு கடித்தவருக்குப் பார்வை பார்ப்பதிலும், மனம் குலைந்தவருக்கு நூல் கட்டிக் கழிப்புக் கழிப்பதிலும் கரையும் ஒவ்வொரு நாழிகையும் அந்தப் பயணத்தைப் பிந்தச் செய்கிறது. போரின் இழப்புகளைச் சுமந்து நிற்கும் மண்ணில் மன நோயைப் பேயென்று மறைப்பது இரட்டைக் கொடுமை.

கோவூர் கடவுளை மறுத்தவர். நயினை நாகபூஷணி அம்மனைத் தொழச் செல்லும் அடியார்கள் அவருடைய முடிவை ஏற்க வேண்டியதில்லை. வழிபாடு மனதுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் நோய்க்கு வைத்தியரே வேண்டும். இந்த வேறுபாட்டை உணர்வதற்குப் பக்தி ஒருபோதும் தடையன்று.

1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி கோவூர் காலமானார். கண்களைத் தானமாகவும், உடலை மருத்துவக் கல்விக்காகவும் அவர் எழுதி வைத்திருந்தார். இறந்த பின்னும் ஆசிரியராகவே இருக்க விரும்பியவர் அவர். அவர் கற்பித்ததைக் கற்றுக்கொள்வது இனி நமது பொறுப்பு.