சூரியனை உற்றுப் பார்த்த நியூட்டன்

ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்திருந்த நியூட்டனை எல்லோருக்கும் தெரியும். இருட்டறையில் மூன்று நாள் அடைந்து கிடந்த நியூட்டனைத் தெரிந்தவர்கள் குறைவு.

அப்பொழுது அவருக்கு வயது 22 இருக்கும். கண் பார்வை போய்விடுமோ என்ற பயத்தில், வெளிச்சம் துளியும் வராதபடி அறையை மூடிக்கொண்டு கிடந்தார். அந்தத் துன்பம் தானாக வரவில்லை. அவரே தேடிக்கொண்டது!

தகப்பன் முகம் பாராத பிள்ளை

ஐசக் நியூட்டன் இங்கிலாந்து நாட்டில், உல்ஸ்தார்ப் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்தக் காலத்து ஆங்கிலப் பஞ்சாங்கப்படி அது 1642-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி. கிறிஸ்துமஸ் நாள்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தை. ஒரு குவளைக்குள் அடக்கிவிடலாம் என்று சொல்லும்படி அவ்வளவு சிறியது. பிழைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. குழந்தை பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். ஐசக்குக்கு மூன்று வயதானபோது தாயார் மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனார். பிள்ளையைப் பாட்டி வளர்த்தாள்.

பள்ளியில் படிக்கும்போது, மருந்துக் கடைக்காரர் ஒருவர் வீட்டில் ஐசக் தங்கியிருந்தான். மற்றப் பிள்ளைகள் விளையாடப் போவார்கள். இவன் சிறு காற்றாலை செய்வான். தண்ணீரில் ஓடும் கடிகாரம் செய்வான். சுவரில் விழும் நிழலை வைத்து மணி சொல்வான். சூரியன் மேல் அவனுக்கு அப்பொழுதே ஒரு கண்!

தாயார் அவனை ஊருக்குத் திரும்ப அழைத்துப் பண்ணையைப் பார்க்கச் சொன்னார். அவன் புத்தகமும் கையுமாக இருந்தான். ஆடுகள் அடுத்தவர் பயிரை மேய்ந்தன. இவன் பண்ணைக்கு ஆகமாட்டான் என்று தெரிந்துபோயிற்று. மாமாவும் பள்ளி ஆசிரியரும் எடுத்துச் சொல்ல, 1661-ல் கேம்பிரிட்ஜ் கல்லூரியில் சேர்ந்தார். தாயாரிடம் வசதி இருந்தது. ஆனாலும் மகன், பணக்கார மாணவர்களுக்குப் பணிவிடை செய்து படிக்க வேண்டியிருந்தது.

கண்ணாடியில் தெரிந்த சூரியன்

ஒளி என்பது என்ன? நிறம் எங்கிருந்து வருகிறது? வெளியில் இருக்கிறதா, நம் கண்ணில் இருக்கிறதா? இந்தக் கேள்விகள் நியூட்டனைப் பிடித்துக்கொண்டன.

1664-ம் ஆண்டையொட்டி ஒருநாள், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த சூரியனை வலது கண்ணால் உற்றுப் பார்த்தார். பிறகு அறையின் இருண்ட மூலைப் பக்கம் திரும்பினார். கண்ணைச் சிமிட்டினார். வண்ண வண்ண வளையங்கள் தெரிந்தன. அவை மெல்ல மறைந்தன. மறுபடியும் பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார்.

சில மணி நேரத்தில் நிலைமை முற்றிவிட்டது. எந்த வெளிச்சமான பொருளைப் பார்த்தாலும் அதன் மேல் சூரியன் தெரிந்தது. பார்த்தது வலது கண். ஆனால் இடது கண்ணிலும் அதே சூரியன்! படிக்கவும் எழுதவும் துணிவு வரவில்லை.

அறையை இருட்டாக்கினார். மூன்று நாள் வெளியே வரவில்லை. சூரியனை நினைத்தாலே உருவம் வந்து நின்றது. ஆகவே மனத்தை வேறு விஷயங்களில் செலுத்தினார். மூன்று நான்கு நாட்களில் பார்வை சற்றுத் தெளிந்தது. பிறகும் சில நாள் பிரகாசமான எதையும் பார்க்காமல் காத்துக்கொண்டார். அப்படியும் சில மாதங்கள் வரை, நடுச்சாமத்தில் திரை போட்ட கட்டிலில் படுத்திருந்தாலும், நினைத்தவுடன் சூரியன் வந்துவிடும்.

இதோடு விட்டாரா? இல்லை. கண்ணுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மொட்டை ஊசியை விட்டு, கண்ணின் பின்புறத்தை அழுத்தியும் பார்த்தார். அப்பொழுதும் வளையங்கள் தெரிந்தனவாம். கேட்கும்போதே நமக்கு உடல் கூசுகிறது.

வெள்ளை ஒளிக்குள் நீலம்

1665-ல் இங்கிலாந்தில் பிளேக் நோய் பரவியது. கல்லூரியை மூடினார்கள். நியூட்டன் ஊர் திரும்பினார். அந்த ஆண்டுகளில்தான் முப்பட்டைக் கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

ஜன்னல் கதவில் சிறு துளை போட்டார். அதன் வழியாக வந்த வெயில் கண்ணாடிக்குள் புகுந்து, 22 அடி தூரத்துச் சுவரில் விழுந்தது. துளை வட்டம். சுவரில் விழுந்ததோ அகலத்தைப் போல் ஐந்து மடங்கு நீளமான வண்ணப் பட்டை! ஒரு முனையில் சிவப்பு. மறுமுனையில் நீலமும் ஊதாவும்.

கண்ணாடிதான் வெள்ளை ஒளிக்குச் சாயம் ஏற்றுகிறது என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். நியூட்டன் ஒரு நிறத்தை மட்டும் பிரித்து இன்னொரு கண்ணாடிக்குள் அனுப்பினார். நீலம் நீலமாகவே வந்தது. சிவப்பு சிவப்பாகவே வந்தது. எல்லா நிறமும் சேர்ந்ததே வெள்ளை ஒளி என்று இதிலிருந்து கண்டார்.

தமது கண்ணைப் படுத்திய வெயிலிலிருந்து நீலத்தைத் தனியே பிரித்துச் சுவரில் காட்டியவர் அவர். அந்த நீலம்தான் கண்ணுக்குப் பொல்லாதது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அது தெரிய 300 ஆண்டுகள் ஆயின.

கண்ணுக்குள் நடப்பது

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. காகிதம் போல் மெல்லிய சவ்வு. அதில் ஒளியை உணரும் உயிரணுக்கள் சுமார் 10 கோடி. சூரியனைப் பார்த்தால், கண்ணில் உள்ள வில்லை அந்த வெயிலையெல்லாம் குவித்து ஒரு புள்ளியில் விழச் செய்கிறது.

சூடுதான் கண்ணைச் சுடுகிறது என்று வெகு காலம் நினைத்தார்கள். 1976-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் குரங்குகளின் கண்ணில் வெவ்வேறு நிற ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். மற்ற ஒளியைவிட மிகக் குறைந்த அளவு நீல ஒளியே விழித்திரையைக் கெடுத்தது. சூட்டினால் அல்ல, ரசாயன மாற்றத்தினால்!

உயிரணுக்களில் ஒளியை வாங்கும் சாயப் பொருள்கள் உண்டு. அவற்றில் நீல ஒளி அளவுக்கு மீறிப் பட்டால், பிராணவாயு கட்டுக்கடங்காத நிலைக்கு மாறுகிறது. அது உயிரணுவின் சவ்வை அரிக்கிறது. லேசான சேதமானால் கண் தானே பழுது பார்த்துக்கொள்ளும். ஒளியை உணரும் உயிரணு தன் நுனியைத் தினமும் சிறிது உதிர்க்கும், புதிதாக வளர்க்கும். உதிர்ந்ததை அடியில் உள்ள உயிரணுக்கள் தின்று தீர்க்கும். சேதம் மிஞ்சிவிட்டால் உயிரணு செத்துவிடும். செத்தது மீண்டும் முளைப்பதில்லை.

விழித்திரைக்கு வலியும் தெரியாது. பார்க்கும்போது ஒன்றும் இல்லை. சில மணி நேரம் கழித்தே கேடு தெரியும். நியூட்டனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களுக்கும் அப்படித்தான். பலருக்குச் சில மாதங்களில் பார்வை திரும்புகிறது. சிலருக்கு நடுப்பார்வையில் ஒரு கறை நின்றுவிடுகிறது. நியூட்டனின் கண்ணுக்குள் பார்க்க அன்று கருவி இல்லை; அது 1851-ல்தான் வந்தது. நள்ளிரவில் வந்த சூரியனில் பாதி மனம் செய்த வேலையாக இருக்கலாம்.

டெலிவிஷன், செல்போன் திரைகளிலும் நீல ஒளி உண்டு. வெயிலின் முன் அது மிகச் சொற்பம். திரை ஒளியால் விழித்திரை கெட்டதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் சொல்கிறது. கெடுவது தூக்கம்தான். பகல், இரவு அறியும் சில உயிரணுக்கள் விழித்திரையில் உண்டு. நீல ஒளி பட்டால் அவை பகல் என்று எண்ணிக்கொள்ளும்.

27 ஆண்டுகள் கழித்து

1672-ல் நியூட்டன் தமது வண்ண ஆராய்ச்சியை வெளியிட்டார். ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி எதிர்த்தார். மனம் கசந்த நியூட்டன் வாயை மூடிக்கொண்டார். 1687-ல் புவி ஈர்ப்பு பற்றிய நூல் வந்து உலகம் புகழ்ந்தது. ஒளி பற்றிய புத்தகமோ 1704-ல்தான் வந்தது. ஹூக் இறந்த மறு ஆண்டு!

இடையே 1691-ல், தத்துவ அறிஞர் ஜான் லாக் கேட்டதற்குப் பதிலாக, இளமையில் சூரியனைப் பார்த்த கதையைக் கடிதமாக எழுதினார். பல ஆண்டுகளாகக் கண் நன்றாகவே இருக்கிறது என்றார். ஆனால் துணிந்து முயன்றால் அந்தச் சூரியனை இப்பொழுதும் வரவழைக்க முடியும் என்றே தோன்றுகிறது என்றார். அவர் முயலவில்லை.

பின்பு நாணயச் சாலைக்குத் தலைவரானார். 1705-ல் ஆன் ராணி அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தார். 1727-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி, 84-வது வயதில் காலமானார். கடைசி வரை அவர் மூக்குக் கண்ணாடி போடவில்லை என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.