நீலப் புள்ளிக்கு முன்னால் ஒரு சங்கிலி

அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தை ஒட்டி நின்று போனில் மேப்பைத் திறந்து பாருங்கள். நீலப் புள்ளி சில சமயம் எதிர்ப்பக்கத் தெருவில் போய் நிற்கும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல், கோபுரத்தில் பட்டுத் திரும்பி லேட்டாக வந்து சேர்வதுதான் காரணம். ஒரு மைக்ரோசெகண்டில் பத்தில் ஒரு பங்கு லேட்டானால் போதும், தூரத்தில் 30 மீட்டர் கூடிவிடும். இந்த மாதிரி எரரைத் துரத்துவதிலேயே வாழ்க்கையைக் கழித்த ஒரு மனுஷன் நம்ம தமிழ்நாட்டில்தான் சங்கிலி பிடித்தார். சிவில் பசங்களுக்குப் பேர் தெரிந்திருக்கும். வில்லியம் லாம்டன்.

யார்க்ஷயரில் பிறந்தவர். பட்டாளத்தோடு 1790களின் கடைசியில் இந்தியா வந்தார். 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் ஒரு ராத்திரி, தெற்கே போக வேண்டிய படை வடக்கே திப்புவின் ஆட்கள் பக்கம் போய்க்கொண்டிருப்பதை நட்சத்திரங்களை வைத்தே கண்டுபிடித்தார். தளபதி காம்பஸைப் பார்த்த பிறகுதான் நம்பினாராம்.

1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை அளக்க ஆரம்பித்தார். 100 அடி இரும்புச் சங்கிலியை 400 தடவை போட வேண்டும். இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அந்தச் சங்கிலி 0.37 மில்லிமீட்டர் நீளும். ஒண்ணுமே இல்லைன்னு தோணும். ஆனால் பத்து டிகிரியைக் கணக்கில் விட்டால் மொத்தத்தில் ஒன்றரை மீட்டர் அவுட். அதனால் சங்கிலியைப் பெட்டிக்குள் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அளந்தார். அதற்குப் பிறகு எல்லாமே முக்கோணம்தான். ஒரு பக்கம் தெரிந்தால், கோணங்களை அளந்தே மற்ற பக்கங்களைப் போட்டுவிடலாம். முதல் பக்கம் தப்பானால் நாடு முழுக்கத் தப்பு. அந்தப் பயத்தில் 1804ல் பெங்களூரில் இன்னொரு கோட்டை நேரடியாக அளந்து கணக்கோடு ஒப்பிட்டார். வித்தியாசம் சில இஞ்ச்தான்! இன்றைக்கு சர்வே ஆஃப் இந்தியா வைத்திருக்கும் நிலையான ஜிபிஎஸ் ஸ்டேஷன்களின் லாஜிக்கும் கிட்டத்தட்ட இதேதான்: இடம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியை வைத்து எரரைப் பிடிப்பது.

நமக்கு இடைஞ்சலாக இருக்கும் கோபுரம் அவருக்குத் தேவைப்பட்டது. தஞ்சைச் சமவெளியில் மலையே கிடையாது. 1808ல் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றினார்கள். அரை டன் எடை. கயிறு அறுந்து சுவரில் மோதி, வட்டத்தகடு வளைந்துவிட்டது. கூடாரத்தில் அடைந்து கிடந்து, சுமார் ஆறு வாரம் கையாலேயே இழுத்து இழுத்து அதை வட்டத்துக்குக் கொண்டு வந்தார்.

ஹீரோவாக மட்டும் பார்க்கவும் முடியலை. கம்பெனிக்கு மேப் வேண்டியிருந்தது வரிக்கும் படைக்கும்தானே. அந்த அரை டன்னைச் சுமந்த நம்ம ஆட்கள் பேர் யாருக்குத் தெரியும்?

1823 ஜனவரியில், இன்றைய மகாராஷ்டிராவில் இருக்கும் ஹிங்கன்காட்டில், வேலைக்குப் போகிற வழியிலேயே இறந்தார். உதவியாளர் எவரெஸ்ட் பேர் சிகரத்துக்குப் போனது. இருவர் அளவுகளும் சேர்ந்து எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி மாதிரி வந்தது. பழைய இந்திய மேப்கள் அதில்தான் இருக்கின்றன, உங்கள் போன் இருப்பதோ டபிள்யூஜிஎஸ் 84ல். புராஜெக்டுக்குப் பழைய மேப்பிலிருந்து ஆயத்தொலைவை எடுத்து மாற்றாமல் அப்படியே போனில் போட்டீங்கன்னா, நம்ம ஊர்ப் பக்கம் நூறு மீட்டருக்கு மேலேயே தள்ளிப் போய் நிற்பீங்க.