வெங்கட்ராமனின் கரும்பும் செவ்வழுகலும்

1980-களில் முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கரும்புச் சாகுபடிச் செலவைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முதிய விவசாயி, கணக்கு போதும் என்பதுபோல் என்னை வயலுக்கு அழைத்துச் சென்று, வாடிய கரும்பொன்றை நெடுக்காகப் பிளந்து காட்டினார். உள்ளே செந்நிறம், அதில் குறுக்கே வெண்திட்டுகள், புளித்த கள்ளின் வாடை. பூஞ்சையால் வரும் செவ்வழுகல் நோய் அது. அவர் பயிரிட்டிருந்தது, அன்று ஆலைகள் விரும்பி வாங்கிய கோ.சி. 671 ரகம்.

சர் டி.எஸ். வெங்கட்ராமனின் வாழ்க்கையை நான் ஊன்றிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். 1884-ல் பிறந்த அவர், கோயம்புத்தூரில் 1912-ல் தொடங்கப்பட்ட கரும்பு இனவிருத்தி நிலையத்தில் சி.ஏ. பார்பருக்குத் துணையாகச் சேர்ந்தார். பார்பர் இந்த நோயை முன்பே அறிந்தவர். 1900-ஐ ஒட்டிக் கோதாவரிக் கரும்பு வயல்களில் அதன் அழிவை நேரில் ஆராய்ந்திருந்தார்.

வட இந்தியக் கரும்பு அன்று மெலிந்தது, சாறு குறைந்தது. தெற்கத்திய தடித்த கரும்போ அங்கத்திய குளிரைத் தாங்காது. வடக்கே கரும்பு எளிதில் பூத்து விதை பிடிப்பதில்லை, கோவையில் பூக்கும். எனவே ஒட்டு வேலை இங்கே நடந்தது. 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை, ஆற்றோரங்களில் மண்டிக் கிடக்கும் பேய்க்கரும்போடு இணைத்தார்கள். சர்க்கரையே இல்லாத காட்டுப் புல்லை இனிப்புக் கரும்புக்கு மணம் முடிப்பதைப் பலர் வீண்வேலை என்றே எண்ணியிருப்பார்கள். அதிலிருந்து பிறந்த கோ 205, 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. 'கோ' என்பது கோயம்புத்தூரின் சுருக்கம். பார்பர் ஓய்வு பெற்றதும் நிலையத்தின் தலைமை வெங்கட்ராமனிடம் வந்தது. கரும்பைச் சோளத்தோடும், பின்னர் மூங்கிலோடும்கூட அவர் ஒட்டிப் பார்த்தார்.

1932-ல் அரசு சர்க்கரைத் தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு அளித்தது. சுமார் 30-ஆக இருந்த ஆலைகள் ஐந்தாறு ஆண்டுகளில் 130-ஐத் தாண்டின. இதைச் சுங்கவரியின் சாதனையாகவே நாங்கள் வகுப்பில் கற்பித்தோம். கோவைக் கரும்பு இல்லாதிருந்தால் அந்த ஆலைகள் எதை அரைத்திருக்கும் என்று நானும் மாணவர்களிடம் கேட்டதில்லை.

1937-ல் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்த வெங்கட்ராமன், தலைமையுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் கரும்பன்று, இந்தியக் கிராமம். அந்தக் கிராமங்களைத்தான் அடுத்த சில ஆண்டுகளில் செவ்வழுகல் தாக்கியது. பிகாரிலும் ஐக்கிய மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலும் பெரும்பரப்பில் நின்ற கோ 213, 1930-களின் இறுதியில் கொள்ளைநோய்க்கு இரையாயிற்று. நோயுற்ற கரும்பில் சர்க்கரை சிதைகிறது. சாறு கெடுகிறது, வெல்லம் கட்டாது. கரும்பைக் கரணையாக நடுவதால் ஒரு ரகத்தின் கோடிக்கணக்கான தூர்களும் உண்மையில் ஒரே செடிதான். ஒன்றை வீழ்த்தப் பழகிய பூஞ்சை எல்லாவற்றையும் வீழ்த்தும். நோய்க் கரணையில் ஒளிந்து அடுத்த வயலுக்கும் போகும்.

இது அவருடைய பிழையா? நான் அப்படிக் கருதவில்லை. அவர் பல ரகங்களைத் தந்தார். அதிக விளைச்சல் தரும் ஒன்றையே எல்லோரும் நட்டது ஆலையும் சந்தையும் காட்டிய வழி. பரவலான நடவின் ஆபத்துக்கு விலை எதிலும் குறிக்கப்படவில்லை. எங்கள் துறைக்கு அதைக் கணக்கிடும் கருவி உண்டு. நாங்கள்தான் கரும்புக்கு அதைப் பயன்படுத்தவில்லை.

அவர் 1942-ல் சர் பட்டமும் ஓய்வும் பெற்றார், 1956-ல் பத்மபூஷண், 1963-ல் மறைந்தார். கோ.சி. 671-ஐ அவர் பார்க்கவில்லை. உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியை நிறைத்த கோ 0238-ஐயும் அவர் பார்க்கவில்லை. அண்மை ஆண்டுகளில் அதன் தண்டைப் பிளந்தாலும் அதே செந்நிறம்தான் தெரிகிறது. அங்குள்ள விவசாயிகள் இப்போது மாற்றுக் கரணை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.